எண்வகை விடையும் நான்கு குழுக்களும்

ரோல்பிளேயிங் ஆட்டக் குழுக்கள் பலவற்றை ஒரே காலத்தில் நடத்திவரும் கேம் மாஸ்டருக்கு நேரக்கூடிய இடர்களுள் தலையாயது, குறித்த நாளில் குழு கூடாமற்போவதே என்னும் கருத்து ஆட்டக்காரர்களிடையே நெடுங்காலமாக நிலவிவருகிறது. இது மேலோட்டமான கருத்து. கூடாமற்போவது வெறும் ஏமாற்றம். அது பழகிவிடும், அன்று மாலை துணியாவது மடிக்கலாம். நான்கு குழுக்களை வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த நான்கும் ஒரே வாரத்தில், ஓர் ஆள்கூடக் குறையாமல், சொன்ன நேரத்துக்கு வந்து அமர்ந்துவிடுமாயின் அதுவே பேரிடர். சென்ற வாரம் அது நிகழ்ந்தது.

இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கேம் மாஸ்டர், பகலில் அலுவலகம் செல்பவர். அவருடைய பெயரை வெளியிடுவது ஆய்வறத்துக்கு ஏற்றதன்று. மேலும், இக்கட்டுரை தட்டச்சாகும் நாற்காலியிலேயே அவரும் அமர்ந்திருப்பதால், அவருடைய எரிச்சலையும் கட்டுரையின் முடிவுகளையும் எல்லா இடங்களிலும் பிரித்துக் காட்ட இயலவில்லை. பல குழுக்களைச் சிக்கலின்றி நடத்துவதற்கு அவர் வகுத்துள்ள முறையை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்லி, செய்தது பலித்ததா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் ஆட்டமே டேபிள்டாப் ரோல்பிளேயிங் எனப்படுகிறது. இவர்களுள் ஒருவர் மட்டும் தமக்கெனத் தனிப் பாத்திரம் ஏதும் வைத்துக்கொள்ளாமல், உலகத்தின் எஞ்சிய பகுதி முழுவதையும், அதாவது அரசன், அரக்கன், அங்காடிக்காரன், மழை, ஆட்டுமந்தை ஆகிய யாவற்றையும் தாமே ஏற்று நடத்துவார்; அவரே கேம் மாஸ்டர். ஒரு நாள் ஆட்டத்தைச் செஷன் என்பர். ஒரே கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளுமாயின் அது கேம்பெயின். நான்கு கேம்பெயின்களை நடத்துபவர் நான்கு அரசர்களையும் நான்கு மழைகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் ஒரே பாத்திரத்தின் பெயரை நினைவில் வைத்திருந்தால் போதுமானது, அதையும் அவர்கள் கேரக்டர் ஷீட் எனப்படும் பாத்திரக் குறிப்புத்தாளைப் பார்த்தே சொல்கிறார்கள்.

கேம் மாஸ்டர் என்னும் பதவியின் வேர் பிரஷ்ய இராணுவத்தில் உள்ளது. தந்தை உருவாக்கிய போர்ப்பயிற்சி ஆட்டத்தைத் திருத்தி, 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி வெளியிட்ட விதிகளின்படி, இரு தரப்பினரும் தத்தம் ஆணைகளை எழுதிக் கொடுக்க, நடுவர் ஒருவர் பகடையும் அட்டவணையும் கொண்டு விளைவைக் கணித்துச் சொன்னார். இந்த நடுவர் மரபு கடல் கடந்து சென்று, அமெரிக்க இராணுவத்தைச் சேர்ந்த சார்லஸ் டாட்டன் 1880இல் வெளியிட்ட ஸ்ட்ராடகோஸ் என்னும் நூலில் இடம்பெற்றது. அந்நூலைத் தேடிப் படித்த மினசோட்டாவின் டேவிட் வெஸ்லி, 1960களின் இறுதியில், பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஊரைக் களமாக வைத்துப் போர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். அன்று அவர் எதிர்பார்த்ததைவிட மிகுதியான ஆட்கள், ஏறத்தாழ இருபது பேர், வந்துவிட்டனர். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமின்றி அவர் அவசர அவசரமாக ஆளுக்கொரு பாத்திரம் கொடுக்க, அவர்களோ நடுவரைப் பொருட்படுத்தாமல் தமக்குள் கூடிப் பேசிச் சதி செய்யத் தொடங்கினர். ஆட்டம் கெட்டுவிட்டதென்று வெஸ்லி வருந்தியிருக்க, ஆடியவர்கள் அடுத்தது எப்போது என்று கேட்டனர். ரோல்பிளேயிங்கின் தோற்றுவாயாக வரலாற்றாசிரியர்கள் போற்றும் அந்த நாள், எல்லாரும் வந்துவிட்டதால் நேர்ந்த விபத்து என்பது இங்கு கருதத்தக்கது.

பிரஷ்ய நடுவரிடமிருந்து இன்றைய கேம் மாஸ்டருக்குப் பகடை வந்து சேர்ந்திருக்கிறது. அட்டவணை வந்து சேர்ந்திருக்கிறது. முடிவான தீர்ப்பு வழங்கும் உரிமையும் பெயரளவில் வந்து சேர்ந்திருக்கிறது. வராதவரை மேலதிகாரி முன் நிறுத்தும் வாய்ப்பு மட்டும் வழியில் எங்கோ தவறிவிட்டது.

வெஸ்லியின் ஆட்டத்தில் கலந்துகொண்டவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசனும், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டியாக, முதலில் 1000 படிகள் மட்டும் அச்சான அவ்வாட்டத்தின் முதற்புத்தகம், ஒரு கேம்பெயினில் நான்கு முதல் ஐம்பது பேர்வரை ஆடலாம் என்றும், நடுவர் ஒருவருக்கு ஆட்டக்காரர் இருபதின்மர் என்ற விகிதம் பொருத்தமானது என்றும் கூறுகிறது. ஆய்வுக்குரிய கேம் மாஸ்டரிடம் குழுவுக்கு ஐவராக நான்கு குழுக்கள், ஆக இருபதின்மருக்கு மேல் இல்லை. எனவே மூல நூலின்படி அவருக்கு எவ்வகைப் புகாரும் இருக்க இடமில்லை. ஆயினும் இருக்கிறது.

அப்புகாரின் தன்மையை உணர, வாரந்தோறும் திங்கட்கிழமை நான்கு குழுக்களின் கைப்பேசிப் பக்கங்களிலும் அவர் இடும் வினாவையும், அதற்கு வரும் விடைகளையும் இலக்கண நோக்கில் ஆராய்வது பயன் தரும். வினா எளியது: இந்த வாரம் வருவீர்களா? விடைகளை வகைப்படுத்த நன்னூலைவிடச் சிறந்த கருவி கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த எண்வகை விடைகளும் பிற்காலத்தில் இவ்வளவு கச்சிதமாகப் பயன்படும் என்று அன்று எவரும் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

முதலாவது சுட்டு விடை. வினவப்பட்ட பொருளைச் சுட்டிக் காட்டுவது இதன் இலக்கணம். ஆட்டக்குழுவில் இது கட்டைவிரல் படமாக வருகிறது. கட்டைவிரல் மேல்நோக்கிச் சுட்டுகிறது என்பதில் ஐயமில்லை. எதைச் சுட்டுகிறது என்பதில்தான் சிக்கல். சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்று கேட்டதற்கும் அதே கட்டைவிரல். இடையில் ஒருவர் தம் வீட்டுப் பூனையின் படத்தைப் போட்டதற்கும் அதே கட்டைவிரல். இரண்டாம் குழுவில் ஒருவர் ஓராண்டுக்கு மேலாகச் சொல்லெதுவும் எழுதாமல் கட்டைவிரலாலேயே வாழ்ந்துவருகிறார்.

இரண்டாவது மறை விடை, அதாவது வரமாட்டேன் என வெளிப்படையாக மறுப்பது. எண்வகையுள் அறத்தால் உயர்ந்தது இதுவே. இவ்விடை வந்தால் கேம் மாஸ்டர் அன்றைய மாலையை வேறொன்றுக்கு ஒதுக்கலாம், கதையை மாற்றலாம், நிம்மதியாக உறங்கலாம். இது மிக அரிதாகவே வருகிறது. வந்த ஒரு முறையும், அவ்வாறு சொன்னவர் அன்று மாலை ஏழு மணிக்கு வந்து நின்று, வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்றார்.

மூன்றாவது நேர் விடை: வருவேன். புதிதாகத் தொழிலுக்கு வந்த கேம் மாஸ்டர்கள் இதை நம்புவது உண்டு. வருவேன் என்னும் சொல்லுக்கு முன் சேரும் அடைமொழியின் வலிமையும் வருகையின் வாய்ப்பும் எதிர்த்திசையில் செல்கின்றன என்பது நீண்ட கவனிப்பில் புலப்பட்ட உண்மை. வெறும் “வரேன்” என்றால் பெரும்பாலும் வருவார். “கண்டிப்பா வரேன்” என்றால் ஐயம். “என்ன ஆனாலும் வரேண்ணா” என்று எழுதியிருந்தால் அவருக்கென வாங்கிய தின்பண்டத்தை அன்று மதியமே உண்டுவிடலாம்.

நான்காவது ஏவல் விடை. செய்வாயா என்று கேட்டவரையே நீ செய் என ஏவுவது இது. “நீங்க ஆரம்பிங்க, நான் வந்துடறேன்” என்பது இவ்வகையின் செம்மையான எடுத்துக்காட்டு. இதன்படி ஆரம்பித்தால், சொன்னவரின் மந்திரவாதி இல்லாத நேரத்தில் மற்ற நால்வரும் அரக்கனிடம் சிக்குவார்கள். ஆரம்பிக்காவிட்டால் நால்வரும் கேம் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள். வந்துடறேன் என்றவர் இறுதிப் போர் முடிந்து பொற்காசுகளைப் பங்கிடும் வேளையில் வந்து சேர்வார். தம் பங்கு குறைவாக உள்ளதென்றும் சொல்வார்.

ஐந்தாவது வினா எதிர் வினாதல் விடை. வருவீர்களா என்று கேட்டால், “எல்லாரும் வர்றாங்களா?” என்று கேட்பது. இதன் கொடுமை மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஐவரும் இதே விடையை அளிக்கும்போது, ஒவ்வொருவருடைய வருகையும் மற்ற நால்வருடைய வருகையைச் சார்ந்து நிற்கிறது. எவரும் முதலில் வருவேன் என்று சொல்லாததால் எவரும் வரமுடிவதில்லை. எவரும் மறுக்கவும் இல்லையாதலால் செஷன் ரத்தாவதும் இல்லை. இந்நிலை திங்கள் முதல் வெள்ளிவரை நீடித்து, வெள்ளி மாலை ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கையில், “அண்ணா, இன்னைக்கு இருக்கா?” என்னும் வினாவில் முதிர்கிறது. வெள்ளிதோறும் எட்டு மணிக்கு என்று குழு தொடங்கிய நாளிலேயே முடிவு செய்யப்பட்டு, பக்கத்தின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்க, இவ்வினாவை நன்னூலின் அறுவகை வினாக்களுள் எதில் அடக்குவது? விடை கேட்பவருக்கே தெரியும் என்பதால் அறிவினா எனலாம். ஆனால் கேம் மாஸ்டரின் அறிவைச் சோதிக்கும் நோக்கம் அவருக்கு இல்லை. தெரியாமல் கேட்கிறார் என்று அறியா வினாவாகக் கொண்டால் தலைப்பைப் படிக்கத் தெரியாதவர் என்றாகிவிடும். அவர் முதுகலைப் பட்டதாரி. இருக்கா இல்லையா என்னும் இரண்டில் மயங்குவதாக ஐய வினா எனவும் கொள்ளலாம். நெடுநேரம் ஆராய்ந்தபின், இது கடைக்காரரிடம் பருப்பு இருக்கிறதா என்று வாங்கும் எண்ணத்தோடு கேட்கும் கொளல் வினா என்றே தெளியவேண்டியுள்ளது. கேட்பவர் கொள்ள விரும்பும் சரக்கு, “இல்லை” என்னும் ஒற்றைச் சொல். அதைக் கேம் மாஸ்டரின் கையால் வாங்கிக்கொண்டால், ரத்து செய்த பழி கேட்டவரைச் சேராது.

ஆறாவது உற்றது உரைத்தல் விடை. தலை வலிக்கிறது, வண்டி பஞ்சர், மாமியார் வந்திருக்கிறார் என நேர்ந்துவிட்டதைச் சொல்வது. இதை எதிர்த்து எதுவும் சொல்ல இயலாது. மாறாக, உடம்பைப் பார்த்துக்கொள்ளுமாறு கேம் மாஸ்டர் மறுமொழி எழுதவும் வேண்டும். ஏழாவது உறுவது கூறல் விடை. தலை வலிக்கும்போல் இருக்கிறது, அன்று மழை வரலாம், மாமியார் வரக்கூடும் என இனி நேரவிருப்பதைச் சொல்வது. செவ்வாயன்றே சனிக்கிழமையின் தலைவலியை முன்னறியும் இவ்வாற்றலைத் தம் பாத்திரத்துக்கு எழுதிக்கொள்ளாமல் சொந்த வாழ்க்கையில் வீணடிக்கிறார்கள். எட்டாவது இனமொழி விடை. சனிக்கிழமை வருவீர்களா என்றால், “ஞாயிறுன்னா வரலாம்” என்பது. ஞாயிற்றுக்கு மாற்றினால், “சனிக்கிழமைதானே சொன்னீங்க” என்பதும் இவ்வகையின்பாற்படும்.

இவற்றுக்கு அப்பால், செய்தியைப் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறிகள் தோன்றி, விடை மட்டும் தோன்றாத நிலை ஒன்று உண்டு. அதை ஒன்பதாவதாகச் சேர்க்கவேண்டும் என்று மூன்றாம் குழுவை வைத்துப் பார்க்கையில் தோன்றுகிறது.

இவ்விடைகளிலிருந்து எழும் கணக்கு சுவையானது. ஒவ்வொருவரும் ஐந்து வாரங்களில் நான்கு வாரம் வரக்கூடிய நல்லவர் என்றே கொள்வோம். ஒருவருடைய தடை மற்றவரைத் தொற்றாது என்றும் கொள்வோம். அப்போதும் ஐவரும் ஒருசேர வரும் வாய்ப்பு 33 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவே. அதாவது ஒரு குழு ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் முழுமையாகக் கூடும். வாரம் ஒரு செஷனாவது நடத்த விரும்புபவருக்கு ஒரு குழு போதாது. மூன்று நான்கு வேண்டும். பல குழுக்களை நடத்துபவரைப் பார்த்து, இவருக்கு எவ்வளவு ஆர்வம் என்று வியப்போர் இதை அறியார். நான்கு குழுக்களை வைத்திருந்தால் சராசரியாக வாரத்துக்கு ஒன்றேகால் குழு கூடும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை எக்குழுவுமே கூடாது. நான்கும் ஒரே வாரத்தில் கூடும் வாய்ப்போ ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தால் ஒருமுறை நிகழும். கல்யாணச் சமையல்காரர் பத்திரிகையின் எண்ணிக்கையைப் பார்த்து அரிசி போடுவதில்லை. அவ்வாறே, ஆய்வுக்குரிய கேம் மாஸ்டரும் வாரந்தோறும் ஒன்றேகால் குழுவுக்கான ஆயத்தத்தையே செய்துவந்தார். டன்ஜன் எனப்படும் நிலவறை ஒன்று வரைந்து வைத்தால் எக்குழு கூடுகிறதோ அதற்குப் பரிமாறலாம். முறை நன்றாகவே நடந்துவந்தது.

சென்ற வாரம் செவ்வாயன்று முதற்குழு ஐவரும் வந்து அந்த நிலவறையைக் கொள்ளையடித்துச் சென்றனர். வெள்ளியன்று இரண்டாம் குழு முழுமையாக வந்தது. அதே நிலவறையின் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, சிலந்திகளைத் தேள்களாக்கி நிலைமை சமாளிக்கப்பட்டது. இரு குழுக்களிலும் இடம்பெற்றுள்ள ஒருவர் அன்று ஒரு சொல்லும் சொல்லாமல், பொறி வைத்த இரண்டு கதவுகளைத் தாண்டி நேரே மூன்றாம் கதவுக்குச் சென்று நின்றார். சனிக்கிழமை மூன்றாம் குழு வந்தது. நீலக் குறிகளாலேயே அறியப்பட்ட அக்குழு வந்ததுதான் எல்லாவற்றிலும் கொடியது, ஏனெனில் அக்குழுவின் பாத்திரங்கள் பல மாதங்களாக ஒரு மாடிப்படியின் நடுவில், சிலந்தியொன்றை நோக்கி வாளை ஓங்கிய நிலையில் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

இங்குதான் காலக்கணக்கு குறுக்கிடுகிறது. உழைப்பைச் சேமிக்கும் பொருட்டு நான்கு கேம்பெயின்களையும் ஒரே கற்பனை நாட்டில் கேம் மாஸ்டர் அமைத்திருந்தார். இது புதுமையன்று. கைகாக்ஸ் தம் கிரேஹாக் கேம்பெயினில் வெவ்வேறு ஆட்டக்காரர்களை ஒரே நிலவறைகளுக்குள் அனுப்பியவர். ஒரு கூட்டம் எடுத்துச் சென்ற புதையல் அடுத்த கூட்டத்துக்கு இருக்கக்கூடாது. எனவே எவர் எந்த நாளில் எங்கிருந்தார் என்பது எழுதப்பட வேண்டும். 1979இல் வெளிவந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் என்னும் நூலில், கண்டிப்பான காலக்குறிப்பு இன்றி உருப்படியான கேம்பெயின் நடத்த முடியாது என்னும் கருத்தை அவர் முழுவதும் பெரிய எழுத்துகளில் அச்சிட்டதன் பின்னணி இதுவே. ஆட்டம் நடவாத நாட்களில் வெளியுலகில் ஒரு நாள் கழிந்தால் ஆட்டவுலகிலும் ஒரு நாள் கழிந்ததாகக் கொள்ளலாம் என்னும் வழியையும் அந்நூல் சொல்கிறது. வாளை ஓங்கியவர்களையும் சிலந்தியையும் இவ்விதிக்கு உட்படுத்தினால், இரு தரப்பும் மாடிப்படியிலேயே பட்டினியால் இறந்திருக்கும்.

ஆகவே மூன்றாம் குழுவின் நாட்காட்டி முதற்குழுவுக்குப் பல மாதம் பின்தங்கியிருந்தது. முதற்குழு எல்லையோரச் சத்திரம் ஒன்றை, வழக்கம்போல் ஒரு காரணமும் இன்றி, கொளுத்திவிட்டது. சனிக்கிழமை மூன்றாம் குழு சிலந்தியைக் கொன்று, மாடிப்படி இறங்கி, அதே சத்திரத்தில் தங்கியது. சத்திரம் இன்னும் எரியவில்லை. ஆனால் எரியப்போவது எழுதப்பட்டுவிட்டது. கேம் மாஸ்டர் அவர்களை அங்கிருந்து கிளப்ப மழையை நிறுத்தினார், வழியில் புதையல் இருப்பதாகக் கிழவன் ஒருவனை விட்டுச் சொல்ல வைத்தார், சத்திரத்தில் எலித்தொல்லை என்றார். இவ்வளவு சொல்லும்போது இந்த இடத்தில் ஏதோ பெரிய மர்மம் இருக்கிறது என்று முடிவு செய்த ஐவரும், தம்மிடமிருந்த பொற்காசுகள் அனைத்தையும் கொடுத்துச் சத்திரத்தை விலைக்கு வாங்கிவிட்டனர். ஞாயிறன்று நான்காம் குழு வந்ததைப் பற்றி இங்கு விரிப்பதற்கில்லை. அவர்கள் சத்திரக்காரன் பெயரைக் கேட்டார்கள், வேறு மூன்று சத்திரக்காரர்களின் பெயரே அவனுக்கும் அமைந்தது.

அறிஞர்கள் இதற்குத் தீர்வுகள் கூறாமல் இல்லை. கூட்டம் மிகுந்தபோது கைகாக்ஸ், ராப் குன்ட்ஸ் என்னும் இளைஞரைத் துணை டன்ஜன் மாஸ்டராக, அதாவது துணை கேம் மாஸ்டராக, ஆக்கிக்கொண்டார். இதே வேண்டுகோள் இரண்டாம் குழுவில் வைக்கப்பட்டபோது, “நீங்களே நல்லா பண்றீங்கண்ணா” என்று விடை வந்தது. இதன் வகை மேலே சொல்லப்பட்டுள்ளது. பென் ராபின்ஸ் என்னும் அமெரிக்கர் வெஸ்ட் மார்ச்சஸ் என்ற பெயரில் பத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட கேம்பெயின் ஒன்றை நடத்தினார்; நிலையான நாளும் இல்லை, நிலையான குழுவும் இல்லை; எவர் கூடுவது, எங்கே செல்வது, எந்நாள் என்பவற்றை ஆட்டக்காரர்களே தமக்குள் பேசி முடிவு செய்து நடத்துபவருக்குத் தெரிவிக்க வேண்டும். பொறுப்பைத் தலைகீழாக்கும் இவ்வருமையான முறை ஆட்டக்காரர் அனைவருக்கும் விளக்கப்பட்டது. எல்லாரும் வரவேற்றார்கள். ஆட்டக்காரர்கள் தமக்குள் பேசி நாள் குறிக்கும் அப்பணியை ஒருங்கிணைக்க யாராவது ஒருவர் வேண்டும் என்பதிலும் அனைவரும் உடன்பட்டு, ஒருமனதாகக் கேம் மாஸ்டரையே தேர்ந்தெடுத்தார்கள்.

இதற்கிடையில் ஞாயிறு இரவு, நான்காம் குழுவைச் சேர்ந்த ஒருவர், நான்கு குழுக்களை நடத்துமளவுக்குக் கேம் மாஸ்டருக்கு நேரம் நிறைய இருப்பதால், தம் அலுவலக நண்பர் அறுவரைக் கொண்டு ஐந்தாவதாக ஒன்று தொடங்க இயலுமா என்று கேட்டிருந்தார். அதற்கு இத்துறையில் மிக அரிதாகவே கையாளப்படும் மறை விடையே, எவ்வித அடைமொழியும் இன்றி, ஒரே சொல்லில் அளிக்கப்பட்டது. கட்டைவிரல் படம் ஒன்று மறுமொழியாக வந்தது. புதன்கிழமை எத்தனை மணிக்கு என்று அறுவரும் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.